குவேசார் வெளிச்சத்தில் கேலக்ஸியின் வாயுவைத் தேடுவது எப்படி: மடிக்கணினி மட்டும் போதும்

கேலக்ஸியைப் படம் எடுத்தால் அதில் விழுவது விண்மீன்கள்தான். நம் பால்வீதி அளவுள்ள ஒரு கேலக்ஸியைச் சுற்றி ஆறேழு லட்சம் ஒளியாண்டு தூரம்வரை வாயு பரந்து கிடக்கிறது. அது படத்தில் வராது. காரணம் எளிது. வாயு தானாக ஒளிரும் அளவு அதன் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி பத்தில் ஒன்றானால் ஒளிர்வு நூறில் ஒன்றாகிவிடும். ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை அந்த வாயு உறிஞ்சும் அளவு பத்தில் ஒன்றாகத்தான் குறையும். அதனால் வாயுவையே பார்க்க முயலாமல், அதற்குப் பின்னால் எரியும் குவேசாரை, அதாவது கருந்துளையால் பிரகாசிக்கும் தொலைதூரக் கேலக்ஸியின் மையத்தை, பார்க்கிறோம். குவேசாரின் நிறமாலையில் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவில்) வாயு விட்டுப்போகும் கறுப்புக் கோடுகள்தான் சாட்சி. கேலக்ஸிகளின் பரந்த வாயு இப்படிக் கோடு போடும் என்று ஜான் பாக்காலும் லைமன் ஸ்பிட்சரும் 1969-லேயே எழுதிவிட்டார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலைக்கானது: இலவசமாகக் கிடைக்கும் ஸ்லோன் வான அளவாய்வின் நிறமாலைகளில், ஒரு கேலக்ஸியின் அருகே மெக்னீசியம்-2 வாயு இருக்கிறதா என்று பார்த்து அளப்பது. பெயரில் வரும் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மெக்னீசியம்-2 என்றால் ஓர் எலக்ட்ரானை இழந்த மெக்னீசியம். கார்பன்-4 மூன்றை இழந்தது, ஆக்சிஜன்-6 ஐந்தை இழந்தது.

ஏன் மெக்னீசியம்?

வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான். அதன் லைமன்-ஆல்பா கோடு 1215.67 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), புற ஊதாவில் இருக்கிறது. செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் எவ்வளவு பங்கு நீள்கிறது என்ற அளவு) 0.2-ல் உள்ள கேலக்ஸிக்கு அது 1459 ஆங்ஸ்ட்ராமுக்கு வந்து சேரும். நம் காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடாது, ஹப்பிள் வேண்டும். 2009-ல் ஹப்பிளில் பொருத்திய காஸ்மிக் ஆரிஜின்ஸ் நிறமாலைமானி அந்த வேலைக்காகவே செய்யப்பட்டது.

மெக்னீசியம்-2 தரும் இரட்டைக் கோடுகள் 2796.35, 2803.53 ஆங்ஸ்ட்ராமில் உள்ளன. செம்பெயர்ச்சி சுமார் 0.36-ஐத் தாண்டினால் அவை பழைய ஸ்லோன் கருவியின் எல்லைக்குள் (3800 ஆங்ஸ்ட்ராம் முதல்) வந்துவிடும். ஸ்லோனின் பிற்காலத்து பாஸ் (BOSS) கருவி 3600-லிருந்து தொடங்குவதால் 0.29 போதும். கோடுகள் வலுவானவை. இரண்டாக வருவதால் அடையாளமும் எளிது. ஆனால் மெக்னீசியம்-2 காட்டுவது பத்தாயிரம் கெல்வின் அளவில் உள்ள ‘குளிர்ந்த’ வாயுவை மட்டும். மூன்று லட்சம் கெல்வின் வாயுவை அறிய ஆக்சிஜன்-6, பத்து லட்சத்துக்கு எக்ஸ்-கதிர் என்று வேறு வேறு கதவுகள் உண்டு. மெக்னீசியம் இல்லை என்றால் வாயுவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஜோடி சேர்ப்பது

இந்த ஆய்வில் பாதி தவறுகள் நிறமாலையைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. இரண்டு வழிகள் உண்டு. முதலில் உறிஞ்சல் கோட்டைக் கண்டுபிடித்து, பிறகு அதற்குரிய கேலக்ஸியைத் தேடலாம். அல்லது முதலில் கேலக்ஸியையும் அதன் அருகே வானில் தெரியும் குவேசாரையும் ஜோடி சேர்த்துவிட்டு, பிறகு நிறமாலையைத் திறக்கலாம். ‘கேலக்ஸிகளில் எத்தனை சதவீதம் வாயுவால் சூழப்பட்டுள்ளன’ என்ற கேள்விக்கு இரண்டாவது வழி மட்டுமே நேர்மையான பதில் தரும். முதல் வழியில் வாயு உள்ளவை மட்டுமே பட்டியலில் சேரும், பதில் எப்போதும் நூறு சதவீதத்தை நோக்கியே ஓடும். ஆகவே ஜோடிப் பட்டியல் முடிந்து, கோப்பை மூடிப் பெயரில் தேதி போட்ட பிறகே நிறமாலைகளைத் தரவிறக்குங்கள்.

கேலக்ஸியின் செம்பெயர்ச்சி நிறமாலையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். படங்களின் நிறத்திலிருந்து மதிப்பிடும் செம்பெயர்ச்சி உதவாது. அதில் இரண்டு சதவீதப் பிழை என்றாலே வேகக் கணக்கில் நொடிக்கு 6000 கிலோமீட்டர். நாம் தேடப்போகும் சாளரமோ கூட்டல் கழித்தல் 500 கிலோமீட்டர்தான். புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, ஸ்லோனின் புகழ்பெற்ற பிரதான கேலக்ஸிப் பட்டியலை எடுப்பது. அது பெரும்பாலும் செம்பெயர்ச்சி 0.1 சுற்றுவட்டாரம். அங்கே மெக்னீசியம் 3076 ஆங்ஸ்ட்ராமில் விழும், கருவிக்கு வெளியே. 0.43 முதல் 0.7 வரை உள்ள பாஸ் கேலக்ஸிகளை எடுங்கள். டெசி (DESI) என்ற இன்னொரு அளவாய்வின் பொதுத் தரவில் இதைவிடத் தொலைவுக்கும் போகலாம்.

எடுத்துக்காட்டாக, கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 0.6 என்று வைப்போம். மெக்னீசியத்தின் முதல் கோடு 4474 ஆங்ஸ்ட்ராமில் வரும். பின்னால் உள்ள குவேசார் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்? 0.7-க்குக் கீழே போகக்கூடாது. மிக நெருங்கினால் குவேசாரே வெளியேற்றிய வாயுவையும் கேலக்ஸியின் வாயுவையும் பிரிக்க முடியாது. மேல் எல்லையும் உண்டு. குவேசாரின் லைமன்-ஆல்பா ஒளிர்வுக்கு நீலப் பக்கம் முழுக்க, இடைவெளி ஹைட்ரஜன் போடும் நூற்றுக்கணக்கான கோடுகள் காடாக அடர்ந்திருக்கும். அந்தக் காட்டுக்குள் மெக்னீசியத்தைத் தேடுவது வீண். 4474-ஐ 1215.67-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 2.68 வரும். எனவே 0.7 முதல் 2.6 வரை உள்ள குவேசார்கள் சரி.

குறுக்குத் தூரத்தை, அதாவது குவேசாரின் ஒளி கேலக்ஸியின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கடந்துபோகிறது என்பதை, அடுத்துக் கணக்கிடுங்கள். ஹபிள் மாறிலி 70, பொருள் அடர்த்தி 0.3 என்று வைத்தால் செம்பெயர்ச்சி 0.6-ல் ஒரு ஆர்க்செகண்டு 6.7 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3260 ஒளியாண்டு). 100 கிலோபார்செக்குக்கு 15 ஆர்க்செகண்டு. அட்டவணையில் எழுதும்போது இது இன்றைய விரிவுக்கு மாற்றாத, அங்கேயே உள்ள தூரம் என்று குறிப்பிடுங்கள். உடன்விரியும் அளவில் இதே தூரம் 160 கிலோபார்செக் ஆகும். இரண்டையும் கலந்துவிட்ட ஒப்பீடுகள் வெளியாகியிருக்கும் வரைபடங்களிலும் எட்டிப்பார்ப்பதுண்டு.

நெருங்கிய ஜோடிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கிடைத்தால் உங்கள் நிரலைச் சந்தேகிக்காதீர்கள். இந்த நிறமாலைகளை எடுத்தபோது, ஒவ்வொரு பொருளின் ஒளியையும் ஏந்தும் ஒளியிழைகளை ஒரே துளைத்தட்டில் 55 ஆர்க்செகண்டுக்கும் (பாஸ் கருவியில் 62) நெருக்கமாகச் சொருக முடியவில்லை. 15 ஆர்க்செகண்டு ஜோடி வேண்டுமென்றால் அந்த இடம் இரண்டு தட்டுகளில் விழுந்திருக்க வேண்டும், அல்லது கேலக்ஸி ஒரு அளவாய்விலும் குவேசார் இன்னொன்றிலும் பதிவாகியிருக்க வேண்டும்.

கோப்பைத் திறப்பது

பைத்தானும் அதன் வானியல் தொகுப்பான அஸ்ட்ரோபையும் போதும். ஸ்லோன் நிறமாலைக் கோப்பில் முக்கியமான நெடுவரிசைகள் மூன்று: ஒளியளவு, அலைநீளத்தின் மடக்கை, தலைகீழ்ப் பரவற்படி. மடக்கை பத்தடிமானம் கொண்டது. இயற்கை மடக்கை என்று நினைத்துக் கணக்கிட்டால் முதல் வரியிலேயே குட்டு வெளிப்படும். பிழையளவு என்பது தலைகீழ்ப் பரவற்படியின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தது. தலைகீழ்ப் பரவற்படி சுழியம் என்று இருந்தால் அந்தப் பிக்சல் கெட்டது, அதை நீக்குங்கள். சுழியத்தால் வகுத்து வந்த முடிவிலியை மற்ற எண்களோடு கூட்டிவிடாதீர்கள்.

அலைநீளங்கள் வெற்றிடத்துக்கானவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் அணுக்கோட்டு அட்டவணை, 2000 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இயல்பாகக் காற்றுக்கான அலைநீளத்தைக் காட்டும். அங்கே மெக்னீசியம் 2795.53 என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் எல்லா வாயுவும் நொடிக்கு 88 கிலோமீட்டர் விலகி ஓடுவதாகத் தெரியும். ஒரே திசையில், ஒரே அளவில் எல்லாம் விலகினால் அது அட்டவணையின் வேலை.

பிக்சல்கள் மடக்கை அளவில் 0.0001 இடைவெளியில் சமமாக உள்ளன. ஒரு பிக்சல் எப்போதும் நொடிக்கு 69 கிலோமீட்டர். இந்த ஏற்பாட்டால் ஒரு வசதி கிடைக்கிறது: மெக்னீசியம் இரட்டையின் இரண்டு கோடுகளும் எந்தச் செம்பெயர்ச்சியிலும் சரியாக 11 பிக்சல் தள்ளியே இருக்கும். கார்பன்-4 என்றால் 7. திரையில் பார்த்துப் பழகினால் இரண்டே நாளில் கண் தானாக எண்ணும். டெசி கோப்புகளில் இது செல்லாது. அங்கே பிக்சல் ஒவ்வொன்றும் 0.8 ஆங்ஸ்ட்ராம், செம்பெயர்ச்சி 0.6-ல் இடைவெளி சுமார் 14 பிக்சல்.

தொடரொளி என்ற வழுக்குப் பாறை

கோடு எவ்வளவு ஆழம் என்று சொல்ல, கோடே இல்லாவிட்டால் ஒளி எங்கே இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த மட்டம்தான் தொடரொளி. இந்த ஆய்வின் உண்மையான திறமை இங்கேதான் தேவை, மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

71 பிக்சல் சாளரத்தில் ஓடும் இடைநிலை மதிப்பில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணில்) தொடங்குங்கள். ஏன் 71? இரட்டைக் கோடு மொத்தமாக 20, 25 பிக்சலை அடைத்துக்கொள்ளும். சாளரம் அதைப்போல மூன்று மடங்கு இல்லாவிட்டால் இடைநிலையே கோட்டுக்குள் இறங்கிவிடும், கோடு ஆழம் குறைந்து தெரியும். 31 பிக்சல் போட்டுப் பார்த்தால் வலுவான கோடுகள் பாதியாகச் சுருங்குவதைக் காணலாம். 201 போட்டால் எதிர்த் தவறு: குவேசாரின் சொந்த ஒளிர்வு மேடுகளை வளைவு பின்தொடராமல், மேட்டின் அடிவாரத்தில் பொய்யான பள்ளம் முளைக்கும்.

முதல் சுற்று முடிந்ததும் தொடரொளிக்கு 3 சிக்மாவுக்கும் (சிக்மா என்பது பிக்சலின் பிழையளவு) கீழே விழுந்த பிக்சல்களை மறைத்து மீண்டும் ஓட்டுங்கள். நான்கைந்து சுற்றில் நிலைபெறும். கீழ்ப்புறம் மட்டும் வெட்டுவதால் மட்டம் சற்றே மேலே ஏறும், அதனால் வெட்டும் எல்லையை 2 சிக்மாவுக்கு இறக்க வேண்டாம். கேலக்ஸியின் செம்பெயர்ச்சியில் கோடு வரவேண்டிய இடத்தைச் சுற்றி இருபுறமும் 15 பிக்சலை முன்கூட்டியே மறைத்துவிடுவது இன்னும் நல்லது. பிறகு அந்த இடத்துக்கு மேல் ஒரு மென்மையான வளைவை ஓட்டினால் போதும்.

இந்த மட்டத்தில் இரண்டு சதவீதம் தவறினால் என்ன ஆகும்? (கோட்டின் வலுவையும் ஆங்ஸ்ட்ராமில்தான் அளப்போம், விவரம் அடுத்த பகுதியில்.) 4474 ஆங்ஸ்ட்ராமில் ஒரு பிக்சல் 1.03 ஆங்ஸ்ட்ராம். ஆறு பிக்சலில் தவறு 0.12 ஆங்ஸ்ட்ராம், கேலக்ஸியின் சட்டத்தில் (செம்பெயர்ச்சியால் நீண்டதை நீக்கிய அளவில்) 0.08. நீங்கள் தேடுவது 0.3 ஆங்ஸ்ட்ராம் கோடு என்றால் கால்வாசிப் பிழை இங்கேயே வந்துவிட்டது. பிழைக் கணக்கில் இதைச் சேர்க்காத அட்டவணையை நம்ப வேண்டாம்.

முடிந்ததும் ஒரு சோதனை. கோடுகள் இல்லாத பகுதியில், ஒளியளவுக்கும் தொடரொளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழையளவால் வகுத்து அதன் திட்டவிலக்கத்தைப் பாருங்கள். 1-க்கு அருகே வர வேண்டும். 1.2 வந்தால் கோப்பிலுள்ள பிழைகளை 1.2-ஆல் பெருக்குங்கள். 0.8 வந்தால் உங்கள் வளைவு இரைச்சலையே பின்தொடர்கிறது, வளைவு திரும்பும் புள்ளிகளை, அதாவது முடிச்சுகளை, குறையுங்கள்.

அளப்பது

சமான அகலம் என்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு பிக்சலிலும் ஒன்றிலிருந்து (ஒளியளவு வகுத்தல் தொடரொளி) கழித்து, பிக்சலின் அகலத்தால் பெருக்கி, கோடு முழுக்கக் கூட்டுவது. முடிவில் ஒன்றும் செம்பெயர்ச்சியும் சேர்ந்த எண்ணால் வகுத்தால் கேலக்ஸியின் சட்டத்துக்கு வந்துவிடும். வகுக்க மறப்பது மிகச் சாதாரணம். எல்லாக் கோடுகளும் மற்றவர்கள் சொல்வதைவிட ஒன்றரை மடங்கு வலுவாக இருந்தால் அங்கே பாருங்கள். பிழைக்கு, பிக்சல் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம்.

கோட்டை ஆறு பிக்சல் அகலத்தில் கூட்டினால், மெக்னீசியத்துக்கு ஒரு கைக்கணக்கு கிடைக்கும்: 3 சிக்மா எல்லை, 4.7-ஐ ஒரு பிக்சலின் சிக்னல்-இரைச்சல் விகிதத்தால் வகுத்த அளவு ஆங்ஸ்ட்ராம். விகிதம் 5 என்றால் 0.95, 10 என்றால் 0.47, 20 என்றால் 0.24. வலுவான கோடு என்று துறையில் சொல்வது 0.3-லிருந்து. விகிதம் 10 உள்ள நிறமாலையில் ‘0.3 ஆங்ஸ்ட்ராம் கோடு இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமையே இல்லை. தரவிறக்கிய குவேசார்களை இந்த எண்ணால் சலித்தால் பாதிக்கு மேல் கழன்றுவிடும். வருத்தப்பட வேண்டாம்.

இரண்டு கோடுகளையும் ஒரே செம்பெயர்ச்சி, ஒரே அகலம் கொண்ட இரு காஸியன்களாகப் பொருத்துங்கள். தனித்தனியே விட்டால் இரைச்சல் மிகுந்த கோப்புகளில் ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் ஓடும். கருவியின் பிரிதிறனே நொடிக்கு சுமார் 150 கிலோமீட்டர். அதைவிட ஒல்லியான கோடு பொருந்தினால் அது காஸ்மிக் கதிரின் தழும்பு.

பிறகு விகிதம். மெல்லிய வாயுவில் 2796 கோடு 2803-ஐப் போல இரு மடங்கு. வாயு தடிமனாக ஆக, இரண்டும் சமமாகிவிடும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், பிழைக்குள், இருந்தால் ஏற்கலாம். 2803 பெரிதாக இருந்தால் அங்கே வேறு ஏதோ கலந்திருக்கிறது. உறுதிக்கு இரும்பு-2 தரும் 2600.17, 2382.77 கோடுகளைத் தேடுங்கள்.

ஏமாற்றுபவை

5577 ஆங்ஸ்ட்ராமில் இரவு வானமே ஒளிர்கிறது. அதைக் கழித்த மிச்சம் பள்ளமாகவும் தெரியும், மேடாகவும் தெரியும். 7600-ஐ ஒட்டிய அகலமான பள்ளமும் 6870-ல் உள்ளதும் நம் காற்றின் ஆக்சிஜன். 3934.8, 3969.6-ல் வருபவை நம் பால்வீதியின் கால்சியம், 5891.6, 5897.6-ல் வருபவை சோடியம். இவை எந்தக் குவேசாரிலும் அதே இடத்தில் நிற்கும் என்பதால் இருபது நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தாமாகவே காட்டிக்கொடுக்கும்.

நயவஞ்சகமானவை வேறு. தொலைவில் உள்ள இன்னொரு வாயுத் திரளின் கார்பன்-4 இரட்டை உங்கள் சாளரத்தில் வந்து உட்காரும். பிக்சலை எண்ணினால் 7, 11 இல்லை. அது பிடிபட்டுவிடும். கார்பன்-4-ஐயே தேடுபவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று காத்திருக்கிறது: ஆக்சிஜன்-1-ன் 1302.17 கோடும் சிலிக்கான்-2-ன் 1304.37 கோடும் சேர்ந்தால் இடைவெளி 506 கிலோமீட்டர், கார்பன்-4-க்கு 499. ஸ்லோன் பிரிதிறனில் இவற்றை இடைவெளியால் பிரிக்கவே முடியாது. அந்த இரண்டும் லைமன்-ஆல்பாவுக்குச் சற்றே சிவப்புப் பக்கம்தான் வரும் என்பதால், சந்தேகம் வந்தால் அந்தச் செம்பெயர்ச்சியில் லைமன்-ஆல்பா பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தற்செயலை அளக்கவும் வழி உண்டு. அதே குவேசார் நிறமாலையில், கேலக்ஸி இல்லாத இருபது போலிச் செம்பெயர்ச்சிகளைக் கொடுத்து அதே நிரலை ஓட்டுங்கள். அங்கே கிடைக்கும் ‘கண்டுபிடிப்புகள்’ உங்கள் பொய் விகிதம். தானியங்கித் தேடலை நம்புவதற்கு முன், ஐம்பது நிறமாலைகளையாவது கண்ணால் பார்த்து, நிரல் சொன்னதோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

எண்ணை என்ன செய்வது

கோடு தெவிட்டாத (அடிவரை இருண்டுவிடாத) நிலையில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு உள்ள மெக்னீசியம் அயனிகள், சமான அகலத்தை (ஆங்ஸ்ட்ராமில்) 2.35 × 10¹³-ஆல் பெருக்கியது. ஆனால் ஸ்லோனில் தென்படும் கோடுகளில் ஏறத்தாழ எல்லாமே தெவிட்டியவை. அப்போது இது கீழ் எல்லை மட்டும். முழுக்க இருண்ட ஒரு கோட்டில் 1 ஆங்ஸ்ட்ராம் என்பது 107 கிலோமீட்டர் வேக அகலம். ஆக, வலுவான கோட்டின் சமான அகலம் எவ்வளவு வாயு என்று சொல்வதைவிட எத்தனை மேகங்கள், எவ்வளவு வேகத்தில் சிதறியுள்ளன என்றுதான் சொல்கிறது. இரண்டு கேலக்ஸிகளில் ஒன்றின் கோடு இரு மடங்கு என்பதால் அதில் வாயு இரு மடங்கு என்று எழுதக் கூடாது. வெப்பநிலையும் இங்கே கிடைக்காது. பத்தாயிரம் கெல்வினில் மெக்னீசியத்தின் வெப்ப அகலம் 2.6 கிலோமீட்டர், உங்கள் பிக்சலோ 69. அதற்குக் கெக், விஎல்டி போன்ற பெரிய தொலைநோக்கிகளின் உயர்பிரிதிறன் நிறமாலை வேண்டும்.

ஸ்லோன் தரவு உறுதியாகத் தருவது மூடு விகிதம்: குறிப்பிட்ட தூரத்துக்குள், குறிப்பிட்ட வலுவுக்கு மேல் வாயு தென்படும் ஜோடிகளின் பங்கு. வாசலை முதலில் வையுங்கள், 0.6 ஆங்ஸ்ட்ராம் என்று. 40 ஜோடிகளில் 25-ல் மட்டுமே 3 சிக்மா எல்லை 0.6-க்குக் கீழே இருந்தால், வகுக்கும் எண் 25, 40 அல்ல. மீதி 15-ல் ஏதாவது ஒன்றில் பெரிய கோடு பளிச்சென்று தெரிந்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கண்டவை மட்டும் உள்ளே வரும், காணாதவை வெளியே நிற்கும். 25-ல் 10 என்றால் 0.40, பிழை 0.10. 25-ல் ஒன்றுமே இல்லை என்றால் சுழியம் என்று எழுதாமல், 3-ஐ 25-ஆல் வகுத்து, 95 சதவீத உறுதியோடு 0.12-க்குக் கீழே என்று எழுதுங்கள்.

தனித்தனியே ஒன்றும் தெரியாத நிறமாலைகளையும் தூக்கி எறிய வேண்டாம். தொடரொளியால் வகுத்து, கேலக்ஸியின் சட்டத்துக்கு நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மடக்கைப் பிக்சல் என்பதால் முழு எண் பிக்சல்களாக நகர்த்தினால் போதும், இடைச்செருகல் வேண்டாம். இரைச்சல், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறையும். விகிதம் 5 உள்ள 100 நிறமாலைகள் சேர்ந்தால் விகிதம் 50, எல்லை 0.09 ஆங்ஸ்ட்ராம். பலர் கெட்ட பிக்சல்களுக்கு அஞ்சி இடைநிலையை எடுப்பார்கள். மூடு விகிதம் பாதிக்கும் குறைவாக இருந்தால் இடைநிலை வாயுவையே காட்டாமல் போகலாம். கெட்ட பிக்சல்களை முதலில் களைந்துவிட்டுச் சராசரி எடுங்கள், பிழைக்கு ஜோடிகளைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து 500 முறை அடுக்கிப் பாருங்கள். போலிச் செம்பெயர்ச்சிகளிலும் அதே அடுக்கைச் செய்து பக்கத்தில் வரையுங்கள். அங்கேயும் 2796-ல் ஒரு பள்ளம் தெரிந்தால் தொடரொளிப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.